சாப்பாட்டுக் கணக்கில் வராத டீ

என் இடது காலில் நான்கு விரல்கள்தான் இருக்கின்றன. சுண்டுவிரலுக்கு அடுத்த விரலைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். பனியன் கம்பெனி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் எல்லார் கண்ணும் முதலில் அங்கேதான் போகிறது. "ஏனுங்க, மெசின்ல மாட்டிக்கிச்சுங்களா?" என்று கேட்கிறார்கள். இல்லை, டீயில் மாட்டிக்கொண்டது என்றால் சிரிக்கிறார்கள். சிரித்து முடித்ததும் எனக்கும் சேர்த்து டீ சொல்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் நின்று கதை சொல்லிக்கொண்டிருந்தால் பிழைப்பு நடக்காது. அதனால் நடந்ததை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். சர்க்கரை வியாதி வந்தவர்கள் படித்தால் நல்லது. தங்களுக்கு வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் படித்தால் இன்னும் நல்லது.

நான் நூல் புரோக்கர். பெயர் பழனிச்சாமி. சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டிய குடும்பம் எங்களுடையது. தறிக்குழியில் உட்காரும் பொறுமை எனக்கு வாய்க்கவில்லை, பேச்சு மட்டும் நன்றாக வந்தது. கோயமுத்தூர் மில்களில் நூல் நூற்கிறார்கள், திருப்பூர்க் கம்பெனிகளில் அதை வாங்கிப் பனியன் துணி பின்னுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு சைக்கிளும் நானும். காலையில் கிளம்பினால் பொழுது சாய்கிறவரை கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குவேன். லைனுக்குப் போவது என்று இதைத்தான் சொல்வோம். மில்லின் நூல் எப்படி, கம்பெனியின் கையிருப்பு எப்படி என்று நேரில் போய்ப் பார்த்தால்தான் இந்தத் தொழில். வீட்டில் உட்கார்ந்துகொண்டு எந்தப் புரோக்கரும் பிழைத்ததில்லை.

எங்கள் தொழிலில் டீ இல்லாமல் பேச்சு கிடையாது. புரோக்கர் வந்து உட்கார்ந்ததும் முதலாளி வாசலைப் பார்த்து "ரெண்டு டீ" என்பார். டீ வருகிறவரை மழை, கோயில், கல்யாணம் என்று பேசுவோம். கிளாஸ் கைக்கு வந்த பிறகுதான் விலை. கிளாஸைக் காலி செய்து கீழே வைத்தால் விலை படிந்தது. பாதியில் வைத்துவிட்டு எழுந்தால் படியவில்லை. டீயே வேண்டாம் என்று சொன்னால் அது பெரிய வார்த்தை. இவன் நூலை வேறு யாருக்கோ முடித்துவிட்டான், இங்கே சும்மா முகம் காட்ட வந்திருக்கிறான் என்று எடுத்துக்கொள்வார்கள். இதையெல்லாம் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. தொழிலுக்கு வந்த ஒரு மாதத்தில் தானாகத் தெரிந்துவிடும். கடைக்காரர்கள் டீயில் சர்க்கரையை முழுக்கக் கலக்கமாட்டார்கள், அடியில் பாகாகத் தங்கியிருக்கும். விலை நன்றாகப் படிந்த நாளில் கிளாஸை ஒரு சுற்றுச் சுற்றி அந்தப் பாகையும் குடித்துவிட்டுத்தான் வைப்பேன்.

என் பெரிய வாடிக்கை ஆறுமுகம் என்கிற முதலாளி. ஆறுமுகண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். தங்கமான மனிதர். ஆனால் அவருடைய டீக்கு ஒரு ஒழுங்கே கிடையாது. புரோக்கர் வந்தால் ஒன்று, சாயப்பட்டறைக்காரர் வந்தால் ஒன்று, யாரும் வராவிட்டால் சலிப்புக்கு ஒன்று.

நாற்பதைத் தாண்டிய பிறகு ஒரு கோடையில் எனக்குத் தாகம் பிடித்துக்கொண்டது. பானைத் தண்ணீரைக் குடித்தாலும் நாக்கு உடனே வறண்டது. சைக்கிளை நிறுத்தி நிறுத்தி வேலி ஓரம் ஒதுங்க வேண்டியிருந்தது. "சூடுங்க, எளநி குடிங்க" என்றார்கள். இளநீரும் குடித்தேன், கரும்புச் சாறும் குடித்தேன். தாகம் இன்னும் ஏறியது. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. என் மனைவி சரசு ஒரு நாள் காலையில் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏனுங்க, சட்டைக்குள்ள நீங்க இருக்கறீங்களா, இல்ல சட்டைய மட்டும் உட்டுப்போட்டு லைனுக்குப் போயிட்டீங்களா?"

கேலி செய்த வாயோடு டாக்டரிடம் கூட்டிக்கொண்டும் போனாள்.

எங்கள் ஊர் டாக்டர் ஒரு கண்ணாடிக் குழாயில் நீல நிறத் தண்ணீரை ஊற்றி, அதில் என் மூத்திரத்தைச் சில சொட்டுகள் விட்டு, விளக்கில் காட்டிக் கொதிக்க வைத்தார். மூத்திரத்தில் சர்க்கரை இல்லாவிட்டால் நீலம் நீலமாகவே இருக்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, அதிகமானால் மஞ்சள், முற்றிப்போனால் செங்கல் நிறம். என்னுடையது பச்சையிலும் மஞ்சளிலும் நிற்காமல் நேராகச் செங்கலுக்குப் போனது. சாயப்பட்டறைகளில் எத்தனையோ சிவப்புப் பார்த்திருக்கிறேன், இவ்வளவு கெட்டிச் சாயம் பார்த்ததில்லை என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை.

அவர் விளக்கியது இதுதான். நாம் சாப்பிடுகிற சோறு, களி, இட்லி எல்லாமே உள்ளே போய்ச் சர்க்கரையாகத்தான் மாறுகிறது. அந்தச் சர்க்கரையை உடம்பு எடுத்துச் செலவழிக்க இன்சுலின் என்ற நீர் வேண்டும், அது வயிற்றுக்குப் பின்னால் கணையம் என்கிற உறுப்பில் சுரக்கிறது. அது போதாமல் போனாலோ சரியாக வேலை செய்யாவிட்டாலோ சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கிவிடும். தேங்கியது மூத்திரத்தில் வழியும், போகிற வழியில் கண், சிறுநீரகம், கால் நரம்பு எல்லாவற்றையும் கெடுக்கும். "இது தீர்ற வியாதி இல்லீங்க, கட்டி வெச்சுக்கற வியாதி. மாத்திரை பாதி, வாய் பாதி" என்றார்.

வாய்ப் பாதியைச் சரசு எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சமையல் மாறியது. இராத்திரிச் சோறு நின்றது. மதியம் ஒரு தம்ளர் அளவு சோறு, அதற்கு இரண்டு மடங்கு கீரை, அவரை, சுரைக்காய். கொள்ளுப் பருப்பு, மோர், பாகற்காய். உருளைக்கிழங்கும் வாழைப்பழமும் வாசற்படி ஏறவில்லை. இராத்திரிக்குக் கோதுமை. அது அரிசித் தட்டுப்பாட்டுக் காலம், ரேஷன் கடைக்காரரும் டாக்டரும் முன்கூட்டியே பேசி வைத்ததுபோல இரண்டு பேருமே கோதுமையைத்தான் கொடுத்தார்கள். கோதுமைதானே என்று நான் நாலைந்து சப்பாத்தி போட்டால் சரசு தட்டை இழுத்துக்கொள்வாள். "கோதுமைன்னா காத்துங்களா? அதும் மாவுதானுங்க" என்பாள். உறவுக்காரர்கள் பழனிக்குப் போய்வந்து பஞ்சாமிர்தம் கொடுத்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டு குழந்தைகளிடம் தந்துவிடுவேன். முருகன் கோபித்துக்கொள்ளவில்லை. வீட்டுக் காப்பியில்கூடச் சர்க்கரை போடுவதில்லை. நான் ஒரு சாமியார் ஆகிவிட்டதாகவே எனக்கு எண்ணம், அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

ஆனால் டாக்டரிடம் எப்போது போனாலும் குழாய் மஞ்சளுக்குக் கீழே இறங்கவில்லை. பல நாள் செங்கல்தான்.

"வேற என்ன சாப்புடறீங்க?"

"வேற ஒண்ணுமில்லீங்க."

"அம்மா, நீங்க சொல்லுங்க."

"பழனியாண்டவர் சத்தியமா இவ்வளவுதானுங்க. நான் அளந்து போடறனுங்க" என்றாள் சரசு. அவள் சொன்னதும் பொய் இல்லை, நான் சொன்னதும் பொய் இல்லை. என்ன சாப்பிடுகிறீர்கள் என்றுதான் கேட்டார், சாப்பிடுவதைத்தான் சொன்னோம். டாக்டர் தலையைச் சொறிந்துகொண்டு மாத்திரையைக் கூட்டினார்.

இரண்டாவது வருஷம் பாதத்தில் மதமதப்பு ஆரம்பித்தது. மண்ணில் நடந்தாலும் பஞ்சில் நடப்பதுபோல் இருக்கும். ஒரு நாள் கடைசிக் கம்பெனியிலிருந்து வீடுவரை ஒற்றைச் செருப்போடு வந்திருக்கிறேன். இன்னொன்று எங்கே கழன்றது என்று எனக்குத் தெரியாது. பிள்ளைகள் பார்த்துச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று அப்போது தெரியாது. கால் நரம்பு செத்துக்கொண்டு வருவதற்கு அதுதான் அடையாளம்.

பிறகு புதுச் செருப்பில் ஓர் ஆணி மேலே துருத்திக்கொண்டிருந்தது. நாள் முழுக்க அதன்மேல்தான் நடந்திருக்கிறேன். வலித்திருந்தால் மூன்றாம் அடியில் நின்றிருப்பேன். வீட்டுக்கு வந்து உள்ளே நடந்தபோது சிமெண்டுத் தரையில் இரத்தச் சுவடு பதிந்ததைச் சரசுதான் பார்த்துக் கத்தினாள். மஞ்சள் வைத்துக் கட்டினோம். வலி இல்லாததால் மறுநாளும் லைனுக்குப் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். வாரக் கடைசியில் காய்ச்சல் வந்தது. கட்டைப் பிரித்தால் வாடை அடித்தது. விரல் கறுத்திருந்தது. என் தம்பி கந்தசாமி வாடகைக் கார் பிடித்துவந்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் தூக்கிப் போட்டுக்கொண்டு கோயமுத்தூருக்குப் போனான்.

அந்த ஆஸ்பத்திரியில் காத்திருக்கிற இடம் ஒரு நீள வராந்தா. பெஞ்சில் இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு கால் முழங்காலோடு முடிந்திருந்தது. அவர் சாதாரணமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் சர்க்கரைதான் என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். அதன்பிறகு அந்தப் பக்கம் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரத்தம் எடுத்தார்கள். கிருமி எலும்புக்குள் போயிருக்கிறதா என்று பார்க்கப் பாதத்தைப் படம் பிடித்தார்கள். இரத்தப் பரிசோதனை முடிவு வர அன்று மாலை ஆயிற்று.

பெரிய டாக்டர் கட்டிலுக்கு வந்து காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கறுப்பு முடிந்து நல்ல தோல் தொடங்குகிற இடத்தில் ஒரு கோடு போட்டார்.

"இந்த விரல் செத்துப்போச்சு, இதை எடுத்துத்தான் ஆகணும். ஆனா இப்ப கத்தி வெச்சா புண்ணு ஆறாது, சர்க்கரை அவ்வளவு இருக்கு. முதல்ல அதை இறக்கணும். கறுப்பு இந்தக் கோட்டுக்கு உள்ளேயே நின்னா விரலோட போகும். தாண்டினா பாதம். அப்புறமும் நிக்கலேன்னா கணுக்காலுக்கு மேலே."

அவர் போனபிறகு நான் அழுதேன். சரசு முன்னால் அழுதது அதுதான் முதல் தடவை. வலிக்காக அழவில்லை, வலிதான் இல்லையே. சைக்கிளை நினைத்து அழுதேன். காலை வெட்டிவிட்டால் எந்தக் கம்பெனிப் படியில் ஏறுவேன், பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்று பயந்தேன். சரசு முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "வெசனப்படாதீங்க. கோடு போட்டுட்டாருங்கல்ல, தாண்ட உடாமப் பாத்துக்குவோம்" என்றாள். கோட்டை ஏதோ வயல் வரப்பு என்று நினைத்துச் சொன்னதுபோல் இருந்தது. ஆனாலும் கொஞ்சம் தைரியம் வந்தது.

காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட்டார்கள். அதோடு சீழுக்குப் பெனிசிலின். மலையாளத்து நர்ஸ் ஒருத்தி கண்ணாடி ஊசிகளைக் கொதிநீரிலிருந்து எடுத்து வரும்போதே எனக்குத் தொடை கூசும். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் முன்னால் மூத்திரத்தை வாங்கிக்கொண்டு போய் நீலத் தண்ணீரில் கொதிக்க வைத்துப் பார்ப்பாள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நோயாளி வீட்டார் சமைக்க ஒரு கொட்டகை இருந்தது. சரசு அங்கே அடுப்பு மூட்டி, டாக்டர் சொன்ன அளவில் சமைத்துக்கொண்டு வருவாள். வீட்டில் போட்ட அதே சோறு, அதே கீரை, அதே கொள்ளு. எனக்கு ஒரு பிடி குறைந்தாலும் தன் தட்டில் இரண்டு பிடி குறைத்துக்கொள்வாள். நானும் அளவாகத்தானே சாப்பிடுகிறேன், நீ ஏன் பட்டினி கிடக்கிறாய் என்றால், "எனக்குப் பசியில்லீங்க" என்பாள். கந்தசாமி நாள் விட்டு நாள் பஸ்ஸில் வந்து வார்டு வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவான். ஆஸ்பத்திரிச் செலவை அவன்தான் கட்டினான். இன்றுவரை அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

ஒரு நாள் முற்பகல், கொட்டகையில் விறகு ஈரமாகிச் சாப்பாடு வர நேரமாகிவிட்டது. எனக்குக் கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது, எதிர்க் கட்டில் இரண்டாகத் தெரிந்தது. செத்துப்போகிறேன் என்றுதான் நினைத்தேன். நர்ஸ் ஓடிவந்து தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்து வாயில் ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தேவைக்கும் கீழே இறங்கிவிடுமாம், அதுவும் உயிருக்கு ஆபத்தாம். நன்றாகச் சாப்பிடுவது என்றால் குறைத்துச் சாப்பிடுவது மட்டும் இல்லை, நேரத்துக்குச் சாப்பிடுவது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. சரசு மறுநாளிலிருந்து விறகை முதல் நாளே வாங்கிக் கட்டிலுக்கு அடியில் அடுக்கினாள். நர்ஸ் திட்டினாள், சரசு கேட்கவில்லை.

செங்கல் மஞ்சளானது, மஞ்சள் பச்சையானது. ஒரு நாள் காலையில் நர்ஸ் குழாயோடு வந்து சிரித்தாள். நீலம். இரண்டு வருஷத்தில் முதல் நீலம். பேனாக் கோட்டுக்கு உள்ளேயே கறுப்பு நின்றிருந்தது. இரண்டு நாளில் விரலை எடுத்துவிடலாம் என்றார் பெரிய டாக்டர். விரலை வெட்டப்போகிறார்கள் என்று சொன்னதற்குச் சந்தோஷப்பட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அன்று மத்தியானம் ஆறுமுகண்ணன் பார்க்க வந்தார். ஒரு கையில் ஆரஞ்சுப் பழம், இன்னொரு கையில் எதிர்க் கடையில் வாங்கின டீ, ஒரு தூக்குப்போசி நிறைய. சரசு கொட்டகைக்குப் போயிருந்தாள்.

"என்னுங்க பழனிச்சாமி, நூலு வெல அங்க ஏறு ஏறுன்னு ஏறிக்கெடக்குது. நீங்க இங்க வந்து படுத்துக்கிட்டா எப்படிங்க?"

எனக்கு உடம்பில் பாதி அங்கேயே குணமாகிவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் இரண்டு தம்ளரில் ஊற்றினார். மில்லுக்கு மில் விலை பேசினோம், அடுத்த மாதம் எவ்வளவு நூல் எடுப்பது என்று பேசினோம். அவருக்கு இரண்டு தடவை வெளியே போக வேண்டியிருந்தது. திரும்பி வந்து என் கூஜாத் தண்ணீரை முழுக்கக் குடித்தார். வந்து உட்கார்ந்து மறுபடியும் ஊற்றினார். விலை படிந்தது. தம்ளரைச் சுழற்றிக் குடித்துவிட்டுக் கீழே வைத்தேன். பழத்தைத் தொடவில்லை. பழம் எனக்கு ஆகாது என்று சொல்லி அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதிலும் எனக்குப் பெருமைதான்.

இராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் எடுத்த குழாய் செங்கல் நிறமானது. காலையில் மஞ்சளுக்கும் செங்கலுக்கும் நடுவில். பெரிய டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். கறுப்பு, கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஓர் இடத்தில் மிளகு அளவுக்குத் தாண்டியும் இருந்தது.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?" அவர் குரலில் கோபம் தெரிந்தது.

"எப்பவும் சாப்பிடறதுதானுங்க."

"எப்பவும் சாப்பிட்டா இப்படி ஆகாது. அம்மா?"

சரசு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "ஏனுங்க, நேத்து ஆறுமுகண்ணன் வந்திருந்தாருங்கல்ல?"

"ஆமா, வந்தாரு."

"வந்தவரு சும்மாவா வந்தாரு?"

"பழம் கொண்டாந்தாரு. நான் தொடவே இல்ல, சரசு. திருப்பிக் குடுத்துட்டேன்."

"டீ?"

"டீ குடிச்சோம். அது யாவாரம்."

அந்த வார்த்தை வாயிலிருந்து வெளியே வந்து நின்றது. நானே அதைக் கேட்டேன். சரசு கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"யாவாரத்துக்குன்னு வேற வயிறு வெச்சிருக்கறீங்களா?"

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிப்பீர்கள் என்றார். எனக்கு எண்ணிக்கை தெரியாது. தெருத் தெருவாகச் சொல்ல ஆரம்பித்தேன். காலையில் ஸ்டேஷன் பக்கம் இந்தக் கம்பெனி, அந்தக் கம்பெனி, பிறகு பாலத்துக்கு அந்தப் பக்கம், மத்தியானம் சாயப்பட்டறை, பொழுதோட பல்லடம் ரோட்டில். நான் பெயர் சொல்லச் சொல்லச் சரசு விரலை மடக்கிக்கொண்டே வந்தாள். ஒரு கை முடிந்தது, இரண்டாவது கையும் முடிந்தது, மறுபடி முதல் கைக்கு வந்தாள். டாக்டர் போதும் என்றார்.

"சர்க்கரையோடதானா?"

"அடியில தங்குமுங்க. அதையும் சுழட்டிக் குடிப்பனுங்க."

இரண்டு வருஷமாக மாத்திரையும் சமையலும் சேர்ந்து இறக்கியதையெல்லாம் நான் ஊர் முழுக்கச் சைக்கிளில் போய் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன் என்றார் டாக்டர். "வாய்க்குள்ள போறது எல்லாமே சாப்பாடுதான். யார் குடுத்தாங்க, எதுக்குக் குடுத்தாங்கன்னு உடம்பு கேக்காது" என்றார். மறுநாளைக்கு நினைத்திருந்த ஆபரேஷன் தள்ளிப்போனது. அவர் பேனாவை எடுத்து, பழைய கோட்டுக்கு மேலே இன்னொரு கோடு போட்டார்.

அடுத்து வந்த நாட்களைப்போல் நான் எப்போதும் பயந்ததில்லை. கட்டுப் பிரிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வேன். சரசுதான் பார்த்துச் சொல்வாள். அவள் என்மேல் கோபமாக இருந்தாள், ஆனால் சண்டை போடவில்லை. எதிர்க் கடையிலிருந்து சர்க்கரை இல்லாத டீ ஒன்று வாங்கிவந்து முதலில் தானே குடித்துப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். பிறகு மீதியை என்னிடம் நீட்டினாள்.

"நாலு நாள் கசக்கும். அப்பறம் பழகிக்கிமுங்க."

ஊசியின் அளவைக் கூட்டினார்கள். மறுபடியும் பச்சை வந்தது, பிறகு நீலம் வந்தது. கறுப்பு இரண்டாவது கோட்டுக்குப் போகவில்லை. விரலையும் அதற்குக் கீழே கொஞ்சம் சதையையும் எடுத்தார்கள். பாதம் தப்பியது. மயக்கம் தெளிந்ததும் போர்வையை விலக்கிப் பார்த்தேன். கட்டுக்கு வெளியே பெருவிரல் தெரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அப்படி ஓர் ஆறுதல்.

ஊருக்கு அனுப்பும்போது நர்ஸ் சரசுவுக்கு நீலத் தண்ணீர்ச் சோதனையைச் சொல்லிக்கொடுத்தாள். தினமும் காலைக் கழுவி, விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னாள். வீட்டுக்கு வந்ததிலிருந்து பொழுதானால் என் கால் சரசுவின் மடியில்தான். பிள்ளைகளுக்கு முன்னால் எனக்குக் கூச்சமாக இருக்கும். அவளுக்கு இல்லை.

புண் ஆறி, மறுபடி சைக்கிளைத் துடைத்த நாள் வந்தது. உண்மையைச் சொன்னால், துடைத்த சைக்கிளையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன், ஏறவில்லை. டீ வேண்டாம் என்றால் தொழில் போய்விடும், குடித்தால் கால் போய்விடும். சரசு வாசலுக்கு வந்தாள்.

"குடிங்க, குடிக்காதீங்கன்னு நான் சொல்ல மாட்டனுங்க. பொழுதோட நீலமா செவப்பான்னு மட்டும் பாப்பேன்."

முதலில் ஆறுமுகண்ணன் கம்பெனிக்குத்தான் போனேன். மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் தம் அறையில் தனியாக இருந்தார். என் காலைப் பார்த்தார். எப்போதும்போல் "வாங்க, வாங்க" என்று சத்தம் போடவில்லை. உட்காரச் சொன்னார். பிறகு வாசலைப் பார்த்து, "ரெண்டு டீ" என்றார்.

நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொல்லத் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அவரே, "ரெண்டுலயும் சக்கரை போட வேண்டாம்னு சொல்லு" என்றார்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "எனக்காக நீங்க எதுக்குங்ண்ணா வாயக் கட்டோணும்? நீங்க எப்பவும்போலக் குடிங்க."

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து வலது காலைத் தூக்கி மேசை விளிம்பில் வைத்தார். குதிகாலில் பனியன் துணிக் கழிவைச் சுற்றியிருந்தார். அதை அவிழ்த்தார். நடுவில் காசு அகலத்துக்குப் புண். ஓரம் கறுத்திருந்தது.

"உங்களப் பாக்க வந்தப்பவே இருந்துச்சுங்க. வலியே இல்ல. வலி இல்லாததுனால, ஆறிக்கும்னு உட்டுட்டேன்." அவிழ்த்த துணியைக் கையில் சுருட்டிக்கொண்டார். "உங்களுக்கு வலிச்சுதுங்களா, பழனிச்சாமி?"

ஆமாம் என்ற ஒரு வார்த்தைக்காக அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலில் என்னோடு உட்கார்ந்து கூஜாத் தண்ணீரை முழுக்கக் குடித்தவர், இரண்டு தடவை எழுந்து வெளியே போனவர், என் கண் முன்னால் வந்தார். அன்றைக்கு நான் பார்த்தது நூல் விலையை மட்டும்தான்.

"இல்லீங்ண்ணா. எனக்கும் வலிக்கல" என்றேன்.

அவர் துணியைத் திரும்பச் சுற்றப் பார்த்தார். முடிச்சு விழவில்லை. நான் எழுந்துபோய்க் கட்டிவிட்டேன்.

"காரு எடுக்கச் சொல்லுங்க. டாக்டர எனக்குத் தெரியும். இப்பவே போலாம்."

"டீ வருதுங்க" என்றார், பழக்கத்தில்.

டீ வந்தது. இரண்டு கிளாஸையும் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அந்த மேசையில் நாங்கள் இரண்டு பேரும் தொடாமல் வைத்துவிட்டு வந்த முதல் டீ அதுதான். நூலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.